கற்ற கைக்கு இரட்டைக் கடனா?

தேசத்தைக் காப்பது யாருடைய கடன் என்று வினவினால், அத்தேசத்தில் பிறந்த எல்லோருடைய கடன் என்றே அறிவுடையோர் விடை பகருவர். அதில் நமக்குச் சிறிதும் ஆட்சேபமில்லை. ஆனால் கடன் என்று ஒன்று உண்டானால் அதற்கு அளவு என்றும் ஒன்று உண்டு. ஒரே கடனுக்காக ஒருவனிடத்தில் ஒரு படியும், அவனுக்கு அடுத்து நிற்பவனிடத்தில் இரண்டு படியும் அளந்து வாங்குவதை நீதியென்று எவரும் கூறத் துணியார். தென் கொரியச் சர்க்கார் தன் வாலிபப் பல் வைத்தியர்களிடத்தில் இன்று அளந்து வாங்குவது இந்த இரண்டு படியேயாம்.

கொரியாவின் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம் சிலர். சிங்கப்பூரிலும் 1967 முதல் கட்டாய தேசிய சேவை நடந்து வருகிறது. நம்மவர் வீட்டுப் பிள்ளைகளும் பதினெட்டு வயது நிரம்பியதும் பட்டாளத்து உடை அணிகிறார்கள். படிப்பும் பட்டாளமும் ஒரே வயதில் வந்து ஒருவனுடைய இரண்டு கைகளையும் பற்றி இழுக்கும்போது எதற்கு எவ்வளவு கொடுப்பது என்பது எல்லா நாட்டுக்கும் பொதுவான கேள்வி. அக்கேள்விக்குத் தவறான விடை எப்படியிருக்கும் என்பதைக் காண வேண்டுவோர் கொரியாவைப் பார்க்கலாம்.

முதலில் சட்டத்தைக் காண்போம். 1953-ஆம் ஆண்டு போர் நிறுத்தம் ஏற்பட்டதே யன்றி, வடக்கும் தெற்கும் சமாதான உடன்படிக்கை எதுவும் செய்துகொள்ளவில்லை. ஆகையால் அங்கே தேகபலமுள்ள ஆண்மகன் ஒவ்வொருவனும் இராணுவ சேவைக்குக் கடமைப்பட்டவன். தரைப்படையில் சாதாரணச் சிப்பாயின் சேவைக் காலம் 18 மாதம். பல் வைத்தியப் பட்டமும் உரிமமும் பெற்றவனோ, இராணுவத்தில் பல் வைத்திய அதிகாரியாகவாவது, கிராமங்களிலும் தீவுகளிலும் பொதுச் சுகாதார வைத்தியனாகவாவது 36 மாதம் உழைக்க வேண்டும். தொடக்கத்தில் பெறும் போர்ப் பயிற்சி வாரங்கள் இந்தக் கணக்கில் சேரமாட்டா. எல்லாவற்றையும் கூட்டினால் ஏறக்குறைய 37, 38 மாதமாகிறது. சிப்பாயின் பயிற்சி நாட்கள் அவனுடைய 18 மாதத்துக்குள் அடங்கும். வைத்தியன் பெற்ற பயிற்சி நாட்கள் மட்டும் காற்றோடு போகும். இது எந்த ஊர்க் கணக்கு?

இனி, விசேஷப் பயிற்சி நாடுகிற வாலிபனின் நிலையைப் பார்ப்போம். கொரியாவில் பல் வைத்தியத்துக்குரிய விசேஷப் பயிற்சி 2004-இல் முறைப்படி தொடங்கியது. முதல் விசேஷ வைத்தியர்கள் 2008-இல் வெளிவந்தனர். வாய் தாடை அறுவை, பல் வரிசையைச் சீர்படுத்தல், ஈறு வைத்தியம், குழந்தைகளின் பல் வைத்தியம், செயற்கைப் பல் கட்டுதல் என்பன முதலாக இன்று 11 பிரிவுகள் உள்ளன. பட்டம் பெற்ற பின் ஓராண்டு பொதுப் பயிற்சியும், மூன்றாண்டு பிரிவுப் பயிற்சியுமாக நான்காண்டு இதற்கு வேண்டும். பத்தொன்பதாவது வயதில் கல்லூரி புகுந்து ஆறாண்டு கற்றவன் இருபத்தைந்தில் வெளிவருகிறான். இராணுவத்துக்கு மூன்றாண்டுக்குமேல், பயிற்சிக்கு நான்காண்டு. தடையின்றி எல்லாம் நடந்தாலும் முப்பத்திரண்டைத் தாண்டாமல் அவன் சுயேச்சையாகத் தொழில் தொடங்க இயலாது.

அவனுக்கு முன்னே இரண்டு வழிகள் உள்ளன. இரண்டிலும் முள் உண்டு.

முதல் வழி, சேவையை முதலில் முடித்துவிட்டுப் பயிற்சிக்குச் செல்வது. மூன்றாண்டு ஒரு சிற்றூரில் பற்களில் படிந்த காரையைச் சுரண்டியும், சொத்தையை அடைத்தும் நாளைக் கழித்தவன், அப்பொழுதுதான் கல்லூரியை விட்டு வந்த இளையவர்களோடு பயிற்சி இடத்துக்குப் போட்டியிட வேண்டும். அதுவுமன்றி, ஆஸ்பத்திரிகளின் பயிற்சி ஆண்டு மார்ச்சு மாதத்தில் தொடங்குகிறது. கணக்கில் சேராத அந்தப் பயிற்சி வாரங்களின் காரணமாக, பொதுச் சுகாதார வைத்தியனுக்கு விடுதலை கிடைப்பதோ ஏப்ரலில். சில வாரப் பிடிவாதம் ஒருவனைப் பயிற்சி வாசலில் நிறுத்திவிடுகிறது. இந்த அநீதியை எதிர்த்து வழக்காடினார்கள். 2020-இல் அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம், பயிற்சி நாட்களைக் கணக்கிடாமை அரசியல் சட்டத்துக்கு முரணன்று என்று தீர்ப்புக் கூறிவிட்டது. தீர்ப்பை மதிக்கிறோம். ஆனால் சட்டத்துக்கு முரணன்று என்பதும், நியாயத்துக்கு இசைந்தது என்பதும் ஒன்றல்ல.

இரண்டாவது வழி, வைத்திய அதிகாரி வேட்பாளர் என்று பெயரைப் பதிந்துகொண்டு, 33 வயது வரையில் சேவையைத் தள்ளிவைத்துப் பயிற்சியை முடிப்பது. இது சலுகைபோலத் தோன்றும். உள்ளே புகுந்து பார்த்தால் சங்கிலி தெரியும். பெயர் ஒருமுறை பதிவாகிவிட்டால், நான் சிப்பாயாகவே போகிறேன் என்று பின்னர் விலகிக்கொள்ள முடியாது. பயிற்சியை நடுவில் விட்டாலோ, தள்ளிவைத்த சேவை உடனே தலைமேல் விழும். மேலதிகாரி கொடுமை செய்யட்டும், உறக்கமின்றி வேலை வாங்கட்டும், தேகம் நலிந்து போகட்டும். பயிற்சி வைத்தியன் வாய்திறந்து, இவ்விடம் வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. ஆஸ்பத்திரி வாசலுக்கு வெளியே பட்டாளம் காத்துநிற்கும்போது, ஆஸ்பத்திரிக்குள்ளே நியாயம் கேட்கும் துணிவு எவனுக்கு வரும்?

2024-இல் நடந்தது இதற்குச் சாட்சி. சர்க்கார் வைத்தியக் கல்லூரி இடங்களைப் பெருக்கியதை எதிர்த்துப் பயிற்சி வைத்தியர்கள் ஆயிரக்கணக்கில் ராஜிநாமாச் செய்தார்கள். அவர்கள் செய்தது சரியா தவறா என்பது வேறு விவாதம். பின்னர் நேர்ந்ததையே கவனிக்க வேண்டுகிறோம். சேவைக்கு வரவேண்டியவர் தொகை இராணுவத்துக்கு வேண்டிய தொகையை மிஞ்சிவிட்டது. உடனே அழைப்பதுமில்லை, விடுவிப்பதுமில்லை. சிலர் நான்காண்டு வரையில் காத்திருக்க நேரிடலாம் என்று சொல்லப்பட்டது. அவர்கள் பல் வைத்தியரல்லர், பொது வைத்தியரே. எனினும் சங்கிலி ஒன்றுதான். இன்று அவர்கள் கழுத்தில் விழுந்தது நாளை எவர் கழுத்திலும் விழக்கூடும்.

நிற்க. இவ்வளவையும் பொறுத்துப் பயிற்சியை முடித்த ஒருவனைச் சர்க்கார் என்ன செய்கிறது? விசேஷப் பயிற்சி பெற்றவன் இராணுவத்தில் காப்டன் பதவியிலும், பெறாதவன் லெப்டினண்ட் பதவியிலும் அமர்த்தப்படுகிறான். ஆக, கற்ற கையின் மதிப்பு சர்க்காருக்குத் தெரியாமலில்லை. தோளில் பட்டயம் தைக்கும்போது தெரிகிறது. நாளை எண்ணும்போது மட்டும் மறந்துபோகிறது. தாடை எலும்பை அறுத்துப் பொருத்தக் கற்றவனை ஒற்றை நாற்காலியுள்ள சிறு வைத்தியசாலைக்கு அனுப்பினால், அவன் அங்கே எதை அறுப்பான், எதைப் பொருத்துவான்? அறுவை வைத்தியம் ஏட்டில் நிற்பதன்று, விரலில் நிற்பது. மூன்றாண்டு உறைக்குள் கிடந்த கத்தி துருப்பிடிப்பதில் வியப்பென்ன?

இனி எதிர்வாதங்களைக் கவனிப்போம்.

வைத்தியனுக்கு அதிகாரி பதவியும் நல்ல சம்பளமும் உண்டு. சிப்பாயோ பனியில் எல்லையைக் காக்கிறான். வைத்தியன் நீண்டநாள் உழைத்தால் என்ன? என்பர் சிலர். சிப்பாய் படும் துன்பத்தை நாம் குறைத்துப் பேசமாட்டோம். ஆனால் சம்பளம் செய்த வேலைக்குக் கூலி. பறித்த காலத்துக்கு விலையன்று. மேலும் சிப்பாயின் சம்பளம் இன்று பழைய சொற்பத் தொகையன்று. 2025-இல் சார்ஜண்டு நிலையிலுள்ள சிப்பாய்க்கு மாதம் 15 லட்சம் வோன் தரப்படுகிறது. அதற்காக அவனுடைய 18 மாதத்தை 20 ஆக்கினார்களா? இல்லை. அது சரியே. அந்த நியாயம் வைத்தியனுக்கு மட்டும் ஏன் மறுக்கப்படுகிறது?

மற்றொரு வாதம் கனமானது. வைத்தியரின் சேவைக் காலத்தைக் குறைத்தால் கிராமத்து ஏழைக்குப் பல் பிடுங்க யார் வருவார் என்கிறார்கள். ஏழையின் பெயரால் எழும் கேள்வியை நாம் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. தீவிலே வாழும் கிழவி ஒருத்திக்கு இரவெல்லாம் பல்வலி என்றால், கப்பலேறிப் பட்டணம் போ என்று சொல்வது மனிதத்தன்மையாகாது. ஆனால் அவளுக்கு இன்று கிடைப்பது என்ன? ஊரையும் நோயாளிகளையும் அறிந்துகொள்ளும் தறுவாயில் மூட்டை கட்டிப் புறப்படும் ஒருவன். அவனுக்குப் பின் மற்றொருவன். கிராமங்களில் வைத்தியரே இல்லாத காலத்தில், 1980-இல், இதற்கென விசேஷச் சட்டம் இயற்றினார்கள். அன்று அது அவசியமாயிருந்தது. நாற்பது ஆண்டுக்கு மேலாகியும், நிலையான வைத்தியனுக்குத் தக்க சம்பளம் கொடுத்து அமர்த்தாமல், கட்டாயத்தால் வந்த கையைக்கொண்டு காலந்தள்ளுவது ஏழைக்குச் செய்யும் தொண்டா, கஜானாவுக்குச் செய்யும் தொண்டா?

அந்தக் கட்டாயக் கையும் இப்பொழுது நழுவி வருகிறது. பட்டம் பெறும்வரை பொறுத்திராமல், வைத்திய மாணவர்கள் படிப்பின் நடுவிலேயே சாதாரணச் சிப்பாய்களாகப் பெருந்தொகையாய்ப் போய்ச் சேருகிறார்கள். 18 மாதத்தில் முடிவதை 38 மாதம் சுமக்க அவர்கள் பித்தர்களா? ஏழையைக் காட்டி நீட்டிய காலமே ஏழைக்கு வைத்தியனில்லாமற் செய்துவிட்டது. இதைவிடப் பெரிய எதிர்வாதம் நம்மால் கூற முடியாது.

தெரிந்துதானே இத்தொழிலில் புகுந்தார்கள் என்போர்க்கு ஒரு சொல்: அநீதி முன்கூட்டியே அறிவிக்கப்பட்டதனால் நீதியாகிவிடாது.

இது திருத்த முடியாத காரியமுமன்று. சிங்கப்பூரையே எடுத்துக்கொள்வோம். முன்பு இங்கே கார்ப்பரலும் அதற்கு மேற்பட்ட பதவியிலிருந்தோரும் இரண்டரை ஆண்டும், மற்றவர்கள் இரண்டாண்டும் சேவை செய்தார்கள். திறமையால் மேலேறியவனுக்கு ஆறு மாதம் கூடுதல் சுமை. 2004-இல் அந்த வேற்றுமை நீங்கி, எல்லோருக்கும் இரண்டாண்டு என்று ஏற்பட்டது. அதனால் நாட்டின் காவல் குன்றிவிட்டதா? குன்றவில்லை.

ஆகவே நாம் கூறுவது இதுதான். பயிற்சி வாரங்களைச் சேவைக் காலத்தில் சேர்க்க வேண்டும். 36 மாதத்தை 24 ஆகக் குறைக்க வேண்டும். இதற்கான மசோதாக்கள் அந்நாட்டுப் பார்லிமெண்டுக்கு முன்பே வந்திருக்கின்றன. விசேஷப் பயிற்சி பெற்றவனை அவன் கற்ற தொழில் நடக்கும் இடத்திலேயே அமர்த்த வேண்டும். பயிற்சியை விட்டு நீங்குகிறவனுக்கு, வைத்தியனாகவோ சிப்பாயாகவோ கடனைத் தீர்க்கும் உரிமை வேண்டும். கிராமத்துக்கு, நிலையான ஊதியத்தில் நிலையான வைத்தியன் வேண்டும்.

வைத்தியனுக்குச் சலுகை வேண்டும் என்று நாம் மன்றாடவில்லை. சிப்பாய்க்குள்ள அளவுகோலை அவனுக்கும் நீட்டுங்கள் என்கிறோம். அறிவைத் தேடியவனுக்கு அபராதம் விதிக்கும் நாடு, தன் இளைஞருக்கு ஒரு பாடத்தைப் போதிக்கிறது: குறைவாகக் கற்றவன் விரைவாக விடுதலை பெறுவான் என்பதே அந்தப் பாடம். அதை இளைஞர்கள் நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். ஆள்வோரும் விழித்துக்கொள்ள வேண்டும்.