கம்பிக்குள் போன ஸ்வரங்கள்

குத்தாலத்திலிருந்து (அருவி விழும் குற்றாலம் அன்று, மயிலாடுதுறைக்குப் பக்கத்துக் குத்தாலம்) மேற்கே பேருந்து ஏறினால் கும்பகோணம், அதைத் தாண்டியதும் தாராசுரம். இரண்டாம் இராஜராஜன் 12ஆம் நூற்றாண்டில் எழுப்பிய ஐராவதேஸ்வரர் கோயிலின் முன்புறம், நந்திக்கு அருகே, பலிபீடத்துக்கு ஏறும் சிறு கற்படிகள் உள்ளன. தட்டினால் இசைப்பவை. ஏழு ஸ்வரமும் சுத்தமாக எழும் என்று வழிகாட்டிகள் சொல்வதில் சற்று மிகை இருக்கலாம். படிக்குப் படி ஓசை மாறுகிறது என்பதே எனக்குப் போதுமான வியப்பு.

அவை இருக்கும் இடத்தைக் கவனியுங்கள். கருவறை மூர்த்தம் வணங்குவதற்கு. கோட்டத்துச் சிற்பம் காண்பதற்கு. இப்படிகளோ வெட்டவெளியில், குழந்தையின் கால் எட்டும் உயரத்தில், யாரேனும் தீண்டினாலொழிய முழுமை பெறாதவையாக அமைந்திருக்கின்றன. விளையாட அழைக்கும் சிற்பம் என்று வேறெதைச் சொல்வது?

இன்று அவற்றைச் சுற்றி இரும்புக் கம்பி. தொல்லியல் துறையைக் குறை கூற மாட்டேன். 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய கோயில் அது. வருவோரெல்லாம் கல்லையும் காசையும் கொண்டு தட்டினால் எந்தக் கல் தாங்கும்? ஹம்பி விட்டலர் கோயிலின் இசைத்தூண்களையும் தட்டக்கூடாது என்றுதான் விதி. என் மனக்குறை வேறு. கல்லைக் காப்பாற்றிவிட்டோம், ஓசைக்கு என்ன செய்தோம்?

குரோஷியாவின் ஸதார் நகரில் 2005இல் நிக்கோலா பாஷிச் என்ற கட்டடக் கலைஞர் கடற்கரைப் படிக்கட்டின் அடியில் 35 குழாய்களைப் பதித்தார். அலை புகுந்து காற்றைத் தள்ளத் தள்ளப் படிகள் பாடுகின்றன. மக்கள் அவற்றின்மேல் அமர்ந்து கேட்கிறார்கள். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே படியை ஒலிக்கச் செய்த நாட்டில், நம் பூங்காக்களுக்குக் கிடைப்பவை சிமெண்ட் மானும் 'தொடாதே' பலகையும்.

மாமல்லபுரத்தில் அரசு சிற்பக் கல்லூரி 1957 முதல் இயங்குகிறது. அதன் மாணவர்கள் தாராசுரத்துக் கோயிலுக்கு வெளியே, சாலையோரத்தில், இசைக்கும் படிகளைப் புதிதாகச் செதுக்கி வைக்கலாமே. பிள்ளைகள் ஏறிக் குதிக்கட்டும். உடைந்தால் உடையட்டும், இன்னொன்று செதுக்கலாம். கல்லைத் தட்டித் தட்டிச் செவியால் தேர்ந்தெடுக்கும் அந்த வித்தை, தட்ட ஒரு கல்லும் இல்லாத ஊரில் யார் கைக்கு வரும்? (நகல் என்று முகம் சுளிப்போர் கம்பிக்கு வெளியே நின்று அசலைக் கேட்டுக்கொள்ளலாம்.)

முதல் படிகள் தாராசுரத்தில் அமையட்டும். அடுத்தவற்றுக்குக் குத்தாலத்துக் காவிரிக் கரையில் இடம் இருக்கிறது.