கடிகாரத்துக்கு அகப்பட்ட ஆட்டம்

அமெரிக்க தேசத்து ஜனங்களுக்குத் தங்கள் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றி ஒரு தனிப் பெருமை இருந்து வந்தது. கால்பந்தானாலும் கூடைப்பந்தானாலும் இத்தனை நிமிஷம் என்று கணக்குண்டு. மணி அடித்தால் ஆட்டம் தீர்ந்தது. பேஸ்பாலுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஒரு கோஷ்டிக்கு ஒன்பது இன்னிங்ஸ். இன்னிங்ஸ் ஒன்றுக்கு மூன்று பேர் அவுட். ஆக இருபத்தேழு பேர் ஆட்டமிழந்தால்தான் கதை முடியும். அதற்கு இரண்டு மணியும் ஆகலாம், நாலு மணியும் ஆகலாம். தோற்கும் கோஷ்டி பத்து ஓட்டம் பின்தங்கியிருந்தாலும், கடைசி ஆள் அவுட் ஆகும் வரையில் அதற்கு நம்பிக்கை உண்டு. காலம் போதவில்லை என்று சொல்லித் தப்பித்துக் கொள்ள யாருக்கும் வழியில்லை. கிரிக்கெட் பார்த்துப் பழகிய நம்மவர்களுக்கு இந்த ரஸம் நன்றாய்ப் புரியும்.

அப்பேர்ப்பட்ட ஆட்டத்தில் 2023-ம் வருஷம் கடிகாரத்தைக் கொண்டு வந்து வைத்து விட்டார்கள்.

கடிகாரம் ஆட்டத்துக்கு அல்ல, பந்து வீசுகிறவருக்கு. பேஸ்களில் ஆள் இல்லாவிட்டால் 15 விநாடிக்குள் அவர் வீச ஆரம்பிக்க வேண்டும். ஆள் நின்றால் 20 விநாடி. (அடுத்த வருஷமே இந்த 20-ஐ 18 ஆகக் குறைத்தார்கள்.) மட்டை பிடிப்பவரும் கையுறையைக் கழற்றி மாட்டிக் கொண்டு, ஆகாயத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக் கொண்டு நிற்கலாகாது, கடிகாரத்தில் 8 விநாடி மிஞ்சியிருக்கும்போது தயாராய் நின்று பந்து வீசுகிறவரைப் பார்க்க வேண்டும். வீசுகிறவர் தாமதித்தால் அவர் மேல் ஒரு 'பால்' எழுதப்படும். நாலு 'பால்' சேர்ந்தால் எதிரி சும்மா நடந்தே முதல் பேஸுக்குப் போய் விடலாம். மட்டைக்காரர் தாமதித்தால் அவர் பெயரில் ஒரு 'ஸ்ட்ரைக்'. மூன்று சேர்ந்தால் அவுட்.

இந்தச் சட்டத்தின் வேடிக்கையை ஜனங்கள் நன்றாய்க் கண்டது அவ்வருஷம் பிப்ரவரி 25-ந் தேதி, பிளாரிடாவில் நடந்த ஒரு பயிற்சி ஆட்டத்தில். அட்லாண்டா கோஷ்டியும் பாஸ்டன் கோஷ்டியும் ஆளுக்கு ஆறு ஓட்டம். கடைசி இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட், மூன்று பேஸ்களிலும் ஆள் நிற்கிறார்கள். மட்டை பிடித்தவருக்கு மூன்று 'பால்', இரண்டு 'ஸ்ட்ரைக்'. இன்னும் ஒரு பந்து, அவ்வளவுதான். அம்பயர் கையைத் தூக்கினார். நாலாவது 'பால்' கிடைத்து விட்டது, நாம் ஜயித்தோம் என்று நினைத்துக் கொண்டு அந்த இளைஞர் குதூகலமாய் முதல் பேஸைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். அம்பயர் சொன்னதோ வேறு: "தாங்கள் எட்டு விநாடிக்குள் தயாராகவில்லை, ஆகையால் மூன்றாவது ஸ்ட்ரைக்" என்பது அதன் தாத்பரியம். பயிற்சி ஆட்டங்களில் உபரி இன்னிங்ஸ் கிடையாது. ஆகவே வீசாத பந்து ஒன்றினால் ஆட்டம் சரிசமமாய் முடிந்தது! கூடியிருந்தவர்கள் கூச்சல் போட்டதில் ஆச்சரியமில்லை.

ஆனால் கூச்சல் வெகு நாள் நீடிக்கவில்லை. 1980-ம் வருஷத்தில் சராசரி இரண்டரை மணியில் முடிந்து கொண்டிருந்த ஆட்டம், 2021-ல் 3 மணி 10 நிமிஷத்துக்கு நீண்டு போயிருந்தது. ஓட்டங்கள் அதிகமாகி அல்ல. சும்மா நிற்கும் நேரம் அதிகமாகி. கடிகாரம் வந்த 2023-ல் சராசரி 2 மணி 40 நிமிஷமாயிற்று. அரை மணி நேரத்தை வெட்டி எறிந்தார்கள். ஆனால் அதில் ஆட்டம் ஒரு துளியும் வெட்டுப்படவில்லை. வெட்டுப்பட்டதெல்லாம் கையுறையும் பெருமூச்சுந்தான். அன்றியும், பேஸ்களை 15 அங்குலச் சதுரத்திலிருந்து 18 அங்குலமாகப் பெரிதாக்கினார்கள். பேஸில் நிற்கும் ஆளைப் பந்து வீசுகிறவர் சும்மாச் சும்மா திரும்பிப் பயமுறுத்துவதற்கும் ஒரு வரம்பு கட்டினார்கள். அதன் பலனாக, கண் மூடித் திறப்பதற்குள் அடுத்த பேஸுக்கு ஓடிவிடும் 'திருட்டு' ஓட்டங்கள் 2022-ல் 2,486 ஆக இருந்தவை 2023-ல் 3,503 ஆகப் பெருகின. அமெரிக்காவில் திருட்டு பெருகியதற்கு ஜனங்கள் சந்தோஷப்பட்டது இந்த ஒரு விஷயத்தில்தான் என்று நினைக்கிறேன்.

சட்டத்தைத் தொடுவதே பாவம் என்று சொல்லும் வைதிகர்கள் அங்கேயும் உண்டு. அவர்களுக்கு 1968-ம் வருஷத்தை ஞாபகப்படுத்த வேண்டும். அந்த வருஷத்தில் பந்து வீசுகிறவர்களின் கை ஓங்கி, மட்டை பிடிப்பவர்கள் பாடு பரிதாபமாய்ப் போயிற்று. ஸெயிண்ட் லூயி கோஷ்டியின் பாப் கிப்ஸன் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரி 1.12 ஓட்டத்துக்கு மேல் விட்டுக் கொடுக்கவில்லை. அமெரிக்கன் லீக்கில் மட்டை அடியில் முதல்வராய் வந்த கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கியே ஆயிரத்துக்கு 301 விகிதந்தான் அடிக்க முடிந்தது. மறு வருஷமே பந்து வீசும் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாக வெட்டிக் குறைத்தார்கள். மண்ணை ஐந்து அங்குலம் தோண்டியதில் ஆட்டம் கெட்டுப் போகவில்லை, உயிர் பிழைத்தது.

ஆகவே, மைதானத்துக்குள் வைத்த கடிகாரத்தைப் பற்றி எனக்கு ஆட்சேபம் கிடையாது. மைதானத்துக்கு வெளியே, வெகு காலத்துக்கு முன்பே வைக்கப்பட்ட இன்னொரு கடிகாரம் இருக்கிறதே, அதைப் பற்றித்தான் இங்கே சொல்ல வந்தேன். அது டெலிவிஷன் கம்பெனியின் கடிகாரம்.

இரண்டு லீக்குகளிலும் முதலில் வந்த கோஷ்டிகள் அக்டோபர் மாதத்தில் மோதிக் கொள்வதற்கு 'உலகத் தொடர்' என்று பெயர். (உலகம் என்றால் அமெரிக்காவும், கானடாவில் ஒரு பட்டணமும்.) 1947-ல் நியூயார்க் யாங்கிகளும் புரூக்ளின் டாட்ஜர்களும் ஆடியபோது அது முதல் முதலாக டெலிவிஷனில் காட்டப்பட்டது. அந்த நாளில் ஆட்டமெல்லாம் பட்டப் பகலில். பள்ளிக்கூடத்துப் பையன்கள் ரேடியோவைச் சட்டைக்குள் ஒளித்துக் கொண்டு வகுப்பில் உட்கார்ந்து கேட்டார்கள் என்று அந்தத் தலைமுறையினர் இன்றைக்கும் ஆசையோடு சொல்கிறார்கள்.

1971-ம் வருஷம் அக்டோபர் 13-ந் தேதி புதன்கிழமை, பிட்ஸ்பர்க் நகரில், உலகத் தொடரின் முதல் இரவு ஆட்டம் நடந்தது. ஊர்க்கார பைரேட்ஸ் கோஷ்டி பால்டிமோர் கோஷ்டியை 4-3 என்று ஜயித்தது. கோடிக்கணக்கான ஜனங்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே பார்த்தார்கள். அப்போது பேஸ்பாலின் கமிஷனராயிருந்தவர் பௌவி கூன். அவர் சொன்ன நியாயம் என்ன தெரியுமா? பகலில் ஆடினால் வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிக்கூடம் போகும் குழந்தைகளும் பார்க்க முடியவில்லையே. அவர்களுக்காகத்தான் இரவு ஆட்டம் என்றார். நல்ல நியாயந்தான். பொய்யென்றும் சொல்வதற்கில்லை. ஆனால் இரவு ஆட்டத்துக்கு விளம்பரக்காரர்கள் கொடுக்கும் பணம் பகல் ஆட்டத்துக்குக் கொடுப்பதைவிட எவ்வளவோ அதிகம் என்பதும் பொய்யல்ல. ஒன்று என்று ஆரம்பித்தது வருஷத்துக்கு வருஷம் பெருகி, 1985-ல் தொடரின் எல்லா ஆட்டங்களுமே இரவு ஆட்டங்களாயின.

அக்டோபர் இரவு அமெரிக்காவின் வடபுறத்தில் எப்படியிருக்கும் என்பதைக் கூன் துரை தம் உடம்பிலேயே அநுபவித்தார். 1976-ல் ஸின்ஸினாட்டியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு ஆட்டம். நல்ல குளிர். ரஸிகர்களெல்லாம் கம்பளிக்குள் சுருண்டு கிடக்க, குளிரே இல்லையென்று நிரூபிப்பதற்காக இவர் மேல்கோட்டு இல்லாமல் விறைப்பாய் உட்கார்ந்திருந்தார். அடியில் கனத்த உள்ளுடுப்பு அணிந்திருந்தார் என்று பிற்பாடு ஊரெல்லாம் பேசிக் கொண்டார்கள்.

சிகாகோ விஷயம் இன்னும் ரஸமானது. 1914-ல் கட்டிய ரிக்லி மைதானத்தில் விளக்கே கிடையாது. பகலில்தான் ஆடுவோம் என்பது அந்த ஊரின் விரதம். "விளக்குப் போடாவிட்டால் உங்கள் கோஷ்டியின் இறுதிச் சுற்று ஆட்டங்கள் வேறு ஊரில் நடக்க வேண்டியிருக்கும்" என்ற எச்சரிக்கை வந்தது. எத்தனையோ வழக்கு, வாக்குவாதங்களுக்குப் பிறகு விரதம் கலைந்தது. 1988 ஆகஸ்டு 8-ந் தேதி இரவு விளக்குகள் எரிந்தன. நாலாவது இன்னிங்ஸ் முடிவதற்குள் மழை கொட்டி ஆட்டம் நின்று போயிற்று! வருண பகவானும் பகல் ஆட்டக் கட்சியைச் சேர்ந்தவர் போலும். மறுநாள் இரவுதான் முதல் ஆட்டம் கணக்கில் ஏறியது.

இதில் யாருக்கு நஷ்டம் என்று கேட்பீர்களானால், கூன் துரை யார் பெயரைச் சொல்லி ஆரம்பித்தாரோ அதே குழந்தைகளுக்குத்தான். அமெரிக்காவின் கீழ்க்கரைக்கும் மேற்கரைக்கும் மூன்று மணி வித்தியாசம். நியூயார்க்கில் இரவு 8 மணியானால் லாஸ் ஏஞ்சலிஸில் மாலை 5. இரண்டு கரைகளிலும் கூடுமான வரை அதிகம் பேர் வீட்டிலிருக்கும் நேரம் இதுவே என்று கணக்குப் பார்த்து ஆட்டத்தை ஆரம்பிக்கிறார்கள். மேற்கில் அப்பா ஆபீஸிலிருந்து வந்து சேருவதற்குள் பாதி ஆட்டம் ஆகிவிடுகிறது. கிழக்கில் பிள்ளைகள் பாதி ஆட்டத்தில் தூங்கிப் போகிறார்கள். விளம்பர இடைவேளைகளோ சாதாரண ஆட்டங்களைவிட இறுதிச் சுற்றில் நீளம். பந்து வீசுகிறவருக்கு 18 விநாடிக் கணக்குப் பார்க்கிறவர்கள், சோப்புக்கும் மோட்டாருக்கும் அப்படி ஒரு கடிகாரத்தை வைக்கவில்லை.

2008-ல் பிலடெல்பியாவில் மூன்றாவது ஆட்டம் மழையால் தாமதித்து இரவு 10 மணிக்குமேல் ஆரம்பித்து, மறுநாள் அதிகாலை 1-47க்கு முடிந்தது. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு, தங்கள் கோஷ்டி ஜயித்த சமாசாரம் காலைக் காப்பியோடுதான் கிடைத்திருக்கும். அதே தொடரின் ஐந்தாவது ஆட்டம் ஆறாவது இன்னிங்ஸில் மழையால் நின்று, இரண்டு நாள் கழித்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது! இறுதிச் சுற்றில் ஆரம்பித்த ஆட்டத்தை எத்தனை நாளானாலும் முழுதும் ஆடியே தீர வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் சட்டமாக எழுதப்பட்டது.

ஆட்டத்தின் சட்டமும் டெலிவிஷனின் நேரமும் நேருக்கு நேர் முட்டிக் கொண்டது 2025-ல். 2020 முதல் சாதாரண ஆட்டங்களில் ஒரு சுருக்கு வழி வைத்திருக்கிறார்கள். ஒன்பது இன்னிங்ஸில் தீராவிட்டால், பத்தாவது முதல் ஒவ்வொரு இன்னிங்ஸிலும் இரண்டாவது பேஸில் ஓர் ஆளை இனாமாக நிறுத்தி ஆரம்பிப்பார்கள். ஆட்டம் சீக்கிரம் முடியும். சம்பாதிக்காத இடத்தில் ஆளை நிறுத்துவது எனக்குப் பிடிக்காத காரியம். அதிகாரிகளுக்கும் உள்ளூர அதே எண்ணம் இருக்க வேண்டும். இறுதிச் சுற்றில் மட்டும் இந்த வழியை அநுமதிப்பதில்லை. ஆகவே 2025 அக்டோபர் 27, திங்கட்கிழமை, லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்களும் டொராண்டோ புளூ ஜேக்களும் ஆடிய மூன்றாவது ஆட்டம் 18 இன்னிங்ஸ் போயிற்று. 6 மணி 39 நிமிஷம். பிரெடி பிரீமன் பந்தை மைதானத்துக்கு வெளியே அடித்து 6-5 என்று முடித்து வைத்தபோது லாஸ் ஏஞ்சலிஸில் நள்ளிரவு ஆகப்போகிறது. டொராண்டோவிலோ அதிகாலை மூன்று மணி ஆகப்போகிறது. மறுநாள் பள்ளிக்கூடம்.

இந்த ஆட்டத்தைக் குறுக்கியிருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பதினெட்டு இன்னிங்ஸும் பேஸ்பாலின் உண்மையான சொத்து. இருபத்தேழு பேர் போதாவிட்டால் ஐம்பத்துநாலு பேர் என்பதுதானே அந்த ஆட்டத்தின் தர்மம்? மூன்று மணி முன்னதாக ஆரம்பித்திருந்தால், அந்தச் சொத்தில் டொராண்டோப் பிள்ளைகளுக்கும் கொஞ்சம் பங்கு கிடைத்திருக்கும். அந்தத் தொடரின் ஏழாவது ஆட்டமும், நவம்பர் முதல் தேதி சனிக்கிழமை இரவு ஆரம்பித்து, 11 இன்னிங்ஸுக்குப் பிறகு நள்ளிரவைத் தாண்டித்தான் முடிந்தது. 1968 வரையில் இரண்டே கோஷ்டிகள் அக்டோபரில் சந்தித்தன. 2022 முதல் பன்னிரண்டு கோஷ்டிகள் இறுதிச் சுற்றுக்கு வருகின்றன. சுற்றுகள் கூடக் கூட, தொடர் நவம்பருக்குள் நுழைந்து விடுகிறது.

பகல் ஆட்டமே இறுதிச் சுற்றில் இல்லையென்று சொல்லி விடக்கூடாது. ஆரம்பச் சுற்றுகளில் ஒரே நாளில் நாலு ஆட்டங்கள் வருவதால் ஒன்றிரண்டைப் பகலில் வைத்தே தீர வேண்டியிருக்கிறது. பெரிய பட்டணத்துக் கோஷ்டிகளுக்கு இரவுப் பந்தி. மற்றவர்களுக்குப் பகல் பந்தி. உலகத் தொடரில் மட்டும் எல்லாம் இரவுப் பந்திதான்.

வாரத்தில் ஐந்து நாள் போகட்டும், சனிக்கிழமை ஒரு நாளாவது பகலில் ஆடலாகாதா என்று அநேக பேஸ்பால் ரஸிகர்கள் கேட்டு வருகிறார்கள். கடைசியாக அப்படி ஆடியது 1987-ல், மின்னியாபோலிஸில், ஒரு சனிக்கிழமை. அதுவும் கூரை போட்ட மைதானம். பகல் என்று பெயரே தவிர, சூரியனைக் கண்டவர்கள் இல்லை. சூரியன் பார்க்க நடந்தது அதற்கும் முன்னால், 1984-ல் டெட்ராய்ட்டில். இப்போது சனிக்கிழமைப் பிற்பகல் காலேஜ் கால்பந்தாட்டத்துக்கு ஒழிந்து விட்டது. உலகத் தொடரைக் காட்டும் கம்பெனியே அதையும் காட்டுகிறது.