எத்தனை செகண்டுங்க?

ரேக்ளா காளை வாங்கப் போனால் சுழி, திமில், குளம்பு பார்ப்பது பழைய வழக்கம். தாராபுரம், உடுமலை, காங்கேயம் பக்கம் இப்போது இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது: "எத்தனை செகண்டுங்க?"

கொங்கு ரேக்ளாவில் 200 மீட்டர், 300 மீட்டர் என்று தூரம் அளந்து, வண்டிகளைத் தனித்தனியாக ஓடவிட்டு நேரம் குறிப்பார்கள். குறைந்த நேரம் எடுத்த வண்டிக்குப் பரிசு. காளையின் விலையும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டே ஏறி இறங்கும்.

ஆனால் அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்? 200 மீட்டரை 16 செகண்டில் ஓடும் வண்டி, 0.2 செகண்டில் இரண்டரை மீட்டர் தாண்டிவிடும். ஸ்டாப்வாட்சை அழுத்தும் விரல் அவ்வளவு பிந்தினால் போதும், ஒரு மாட்டின் நீளத்துக்கு மேல் கணக்கு தப்பிவிடும்.

கருவி வைத்தாலும் தப்பலாம். 1973-ல் அமெரிக்காவின் பிரீக்னஸ் பந்தயத்தில் செக்ரடேரியட் என்ற குதிரை ஜெயித்தது. மின்னணுக் கடிகாரம் காட்டிய நேரம் 1 நிமிடம் 55 செகண்ட். பதிவான வீடியோவை மறுபடி ஆராய்ந்து, அதை 1 நிமிடம் 53 செகண்ட் என்று திருத்தினார்கள். திருத்தம் வந்தது 2012-ல். 39 ஆண்டுகள் கழித்து!

கடிகாரம் சரியாக இருந்தாலும் தரை ஒன்றுபோல் இருக்காது. காலையில் இறுகிக் கிடந்த மண், நூறு வண்டி ஓடியபின் புழுதியாகிவிடும். மழை பெய்தால் கேட்கவே வேண்டாம். இதற்கு அமெரிக்கப் பத்திரிகையாளர் ஆண்ட்ரூ பேயர் 1975-ல் வெளியிட்ட புத்தகத்தில் ஒரு வழி சொன்னார். அன்றைக்கு ஓடிய எல்லாக் குதிரைகளும் வழக்கத்தைவிட மெதுவாக ஓடியிருந்தால், குறை குதிரையிடம் இல்லை, தரையில் இருக்கிறது. அந்த வித்தியாசத்தைக் கழித்துவிட்டுத்தான் ஒரு குதிரையின் வேகத்தை மதிப்பிட வேண்டும்.

காளைக்கும் அதே கணக்குதான். ஒரு ஊரின் செகண்டை இன்னோர் ஊரின் செகண்டோடு ஒப்பிடாமல், அதே நாளில், அதே மண்ணில் ஓடிய மற்ற வண்டிகளோடு ஒப்பிட வேண்டும். ஒரு வீடியோ போதாது. நாலைந்து பந்தயங்களில் எத்தனாவது இடம் என்று கேட்க வேண்டும்.

பழக்குகிறவர்களுக்கும் இது பொருந்தும். செகண்ட் கூடியதற்கு மண் காரணமாக இருக்கும்போது, சாட்டை காளையின் முதுகில் விழுவது என்ன நியாயம்?