விலையேறிய பாலா, நிறைவான பாலா?



மும்பையில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்தபின், ஒரு சகோதரி கண்கலங்க என்னிடம் பேசினார். பக்கத்து வீட்டார் தம் பிள்ளைகளுக்கு 'ஆர்கானிக்' பால் வாங்குகிறார்களாம். பாக்கெட் பாலைக் கொடுத்துத் தம் பிள்ளைகளுக்குத் தீங்கு செய்கிறோமோ என்று பயந்து, இவரும் அதையே வாங்கத் தொடங்கினார். வருமானம் இடங்கொடாததால், ஒரு லிட்டர் வாங்கிய வீட்டில் இப்போது அரை லிட்டரே வாங்குகிறார். பிள்ளைகளின் டம்ளர் பாதியாயிற்று.

பிரியமானவர்களே, எதற்கு விலை கொடுக்கிறோம் என்பதை நாம் அறிந்திருக்கவேண்டும். ரசாயன உரமும் பூச்சிமருந்தும் இன்றி விளைந்த தீவனத்தை உண்ணும் மாடுகளின் பாலே ஆர்கானிக் பால். அது நல்லதே. ஆயினும் பிள்ளையின் எலும்புக்கும் தசைக்கும் வேண்டிய கால்சியமும் புரதமும் இரண்டு பாலிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஒமேகா-3 என்னும் நற்கொழுப்பு ஆர்கானிக் பாலில் சற்று மிகுதி. ஆனால் பாலில் அதன் மொத்த அளவே சொற்பம்.

பாக்கெட் பால் முழுவதும் விஷம் என்னும் பேச்சுக்கும் அஞ்சவேண்டாம். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018ஆம் ஆண்டு 6,432 பால் மாதிரிகளைப் பரிசோதித்தது. உடல்நலத்துக்குக் கேடான கலப்படம் 12 மாதிரிகளிலேயே காணப்பட்டது. குறைகளும் இருந்தன: 77 மாதிரிகளில் ஆன்டிபயாடிக் மருந்தும், 368 மாதிரிகளில் தீவனப் பூஞ்சையால் உண்டாகும் அஃப்ளடாக்சின் நச்சும் அளவுக்கு மிஞ்சியிருந்தன. ஆர்கானிக் தீவனத்திலும் பூஞ்சை பிடிக்கக்கூடும் என்பதை மறவாதிருங்கள்.

வாங்க வசதியுள்ளவர்கள் வாங்கட்டும். ஆனால் 'பண்ணைப் பால்', 'இயற்கைப் பால்' என்னும் பெயரை மட்டும் நம்பாமல், அரசு அங்கீகரித்த ஆர்கானிக் முத்திரை உண்டா என்று பாருங்கள். கறந்தபடியே பாட்டிலில் வரும் பாலைப் பொங்கக் காய்ச்சாமல் ஒருவருக்கும் கொடுக்காதிருங்கள். காய்ச்சாத பாலால் காசநோயும் பரவக்கூடும்.

கோபுரம் கட்ட மனதுள்ளவன் முன்பு உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்ப்பதை ஆண்டவர் உவமையாகச் சொன்னார் (லூக்கா 14:28). லிட்டருக்கு 40 ரூபாய் அதிகமென்றால், தினமும் ஒரு லிட்டருக்கு மாதம் 1,200 ரூபாய், வருடம் 14,600 ரூபாய். அத்தொகையில் முட்டையும் பருப்பும் கீரையும் பழமும் பிள்ளைகளின் தட்டில் சேருமே! கடன்பட்டு வாங்கும் பால் வீட்டுக்குச் சமாதானம் தராது.

அந்தச் சகோதரிக்கு நான் சொன்னது இதுவே: "அம்மா, பழையபடி ஒரு லிட்டர் பாக்கெட் பாலையே வாங்குங்கள். ஸ்தோத்திரத்தோடு டம்ளரை நிரப்பிக் கொடுங்கள். பக்கத்து வீட்டைப் பார்த்து நீங்கள் குற்றவாளியாக வேண்டாம்."

உங்கள் வீட்டுக் கணக்கையும் பிள்ளைகளின் ஆரோக்கியத்தையும் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.