360 படங்களும் ஒரு பட்டமும்

கடந்த மாதம் ஒரு மாலைப்பொழுதில் எங்கள் ஒழுங்கையில் வசிக்கும் தாயார் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். பத்தாம் தரத்தில் படிக்கும் மகளைப் பற்றி என்னுடன் பேச வேண்டும் என்றார். பிள்ளைக்கு ஏதும் சுகவீனமோ என்று கேட்டேன்.

"சுகவீனம் ஒன்றும் இல்லை, அண்ணை. எந்த நேரமும் படம் கீறிக்கொண்டு இருக்கிறாள். அடுத்த வருஷம் ஓ.எல். சோதனை. நீங்கள் பேப்பரில் எழுதுகிற ஆள், நீங்கள் சொன்னால் கேட்பாள். சோதனை முடியும் வரைக்கும் அதை விடச் சொல்லுங்கோ" என்றார்.

சொல்கிறேன் என்றோ, சொல்ல மாட்டேன் என்றோ உடனே பதில் கூற என்னால் முடியவில்லை. இரண்டு நாட்கள் அவகாசம் கேட்டேன். அந்த இரண்டு நாட்களில் யோசித்தவற்றையே இங்கே எழுதுகிறேன். ஏனெனில் இது ஒரு வீட்டின் பிரச்சினை மட்டுமல்ல. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் மட்டுமன்றி, இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் தமிழ்ப் பெற்றோரும் ஏதோவொரு வடிவில் எதிர்கொள்ளும் பிரச்சினை இது.

அந்தப் பிள்ளையின் படம் கீறும் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. கடந்த ஆண்டு, ஒன்பதாம் தரத்தில் படித்தபோது, 'எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு' என்ற தலைப்பில் கணினி மூலம் ஒரு செயற்றிட்டம் செய்துவருமாறு வகுப்பில் பணித்திருந்தார்கள். பெரும்பாலான பிள்ளைகள் இணையத்திலிருந்து படங்களை இறக்கி, கீழே இரண்டு வரி எழுதி ஒப்படைத்தார்கள். இவள் ஓர் அசைவூட்டப் படம் செய்யப் போவதாகச் சொன்னாள். தனக்குப் பிடித்த பொழுதுபோக்குகள் இரண்டு, ஒன்று படம் கீறுவது, மற்றது தாத்தாவுடன் பட்டம் ஏற்றுவது, இரண்டையும் ஒன்றாகச் செய்தால் என்ன என்பது அவளுடைய நியாயம்.

திரைப்படத்தில் ஒரு விநாடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. கையால் வரையும் கலைஞர்கள் பல வேளைகளில் ஒரு படத்தை இரண்டு சட்டங்களுக்குப் பயன்படுத்தி, விநாடிக்கு 12 படங்களுடன் காரியத்தை முடித்துக்கொள்வார்கள். இவளும் அந்தக் கணக்கையே எடுத்துக்கொண்டாள். அரை நிமிடப் படத்துக்கு 360 படங்கள். கோடிடாத தாள்களை யன்னல் கண்ணாடியில் வைத்து, முந்திய படத்தின் நிழல் தெரிய அடுத்ததைக் கீறினாள். இரண்டு புத்தக அடுக்குகளுக்கு நடுவே தகப்பனின் கைத்தொலைபேசியை அசையாமல் நிறுத்தி ஒவ்வொரு தாளாகப் படம் பிடித்தாள். ஆறு வாரங்கள் சென்றன.

முடிந்ததும் என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். ஒரு கிழவர் கொக்குப் பட்டத்துக்கு முச்சை கட்டுகிறார். பட்டம் எழும்பிச் சுழன்று விழுகிறது. கிழவர் தலையைச் சொறிகிறார். முச்சையை அவிழ்த்துத் திரும்பக் கட்டி, வாலையும் நீட்டுகிறார். இம்முறை பட்டம் ஏறுகிறது. விண் கூவும் ஓசையைத் தானே வாயால் எழுப்பிப் பதிவு செய்திருந்தாள். படம் ஆங்காங்கே நடுங்கியது. கிழவரின் ஒரு கை மற்றதைவிட நீளமாக இருந்தது. ஆயினும் அந்தப் பட்டம் வாடைக்காற்றில் ஏறும் உண்மையான பட்டமாகவே எனக்குத் தெரிந்தது.

எப்படி இப்படிக் கீறினாய் என்று கேட்டேன்.

"முதல் கீறினபோது ரொக்கெற் மாதிரிப் போச்சுது, மாமா. பிறகு மாடியில் நின்று உண்மைப் பட்டத்தைப் பார்த்தேன். அது ஒரேயடியாக ஏறாது. கொஞ்சம் போகும், நிற்கும், தலையை ஆட்டும், பிறகுதான் ஏறும். அதுக்காக எண்பது படத்தைத் திரும்பக் கீறினேன்."

வோல்ற் டிஸ்னியிடம் பல்லாண்டுகள் பணியாற்றிய பிராங் தோமஸ், ஒல்லி ஜோன்ஸ்ரன் ஆகிய இருவரும் 1981 இல் வெளியிட்ட நூலில் அசைவூட்டக் கலையின் 12 அடிப்படை விதிகளைத் தொகுத்திருக்கிறார்கள். ஓர் அசைவு மெதுவாகத் தொடங்கி, வேகம் எடுத்து, மெதுவாக முடிய வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. இந்தச் சிறுமி அந்த நூலைப் படித்தவளல்லள். மொட்டைமாடியில் நின்று வானத்தைப் பார்த்து அந்த விதியைத் தானே கண்டுபிடித்திருக்கிறாள். இதைவிடச் சிறந்த விஞ்ஞானப் பாடம் வேறென்ன இருக்கிறது?

பாடசாலையில் அதற்குக் கிடைத்த புள்ளி சுமாரானது. அதிக புள்ளி பெற்றது வேறொரு மாணவரின் செயற்றிட்டம். அது பளபளப்பானது, பின்னணி இசையுடன் கூடியது. நகரத்துக் கடையொன்றில் பணம் கொடுத்துச் செய்விக்கப்பட்டது என்பது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். அந்த ஆசிரியரை நான் குறைகூற விரும்பவில்லை. நாற்பது பிள்ளைகளின் செயற்றிட்டங்களை ஒரு வார இறுதியில் பார்த்து முடிக்க வேண்டியவருக்கு, முடிந்த பொருள்தான் கண்ணில் படும். அதன் பின்னாலுள்ள ஆறு வாரங்கள் கண்ணில் படா. ஆனால் அந்தப் புள்ளியைப் பார்த்த தாய்க்கு ஏற்பட்ட எண்ணம் ஒன்றுதான்: இவ்வளவு மினக்கெட்டும் ஒரு பிரயோசனமும் இல்லை.

இந்த இடத்தில் இன்னொரு மாணவரின் கதையைச் சொல்ல வேண்டும். லற்வியா என்பது 20 இலட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழும் சின்னஞ்சிறு நாடு. அங்கே கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் என்ற இளைஞர் பாடசாலையில் படித்த காலத்தில், தண்ணீருக்கு அஞ்சும் பூனையொன்றைப் பற்றிக் கையால் வரைந்து ஒரு குறும்படம் செய்தார். 'அக்வா' என்ற அந்தப் படம் 2012 இல் வெளிவந்தது. அதே கருவை வளர்த்து 2024 இல் அவர் இயக்கிய முழுநீளப் படம்தான் 'ஃப்ளோ'. ஒரு சொல் வசனமும் அதில் இல்லை. எவரும் பணம் கொடாமல் இறக்கிப் பயன்படுத்தக்கூடிய பிளெண்டர் என்ற மென்பொருளில் செய்யப்பட்ட அந்தப் படம், 'இன்சைட் அவுட் 2' போன்ற பெருநிறுவனப் படங்களைப் பின்தள்ளி 2025 மார்ச்சில் ஒஸ்கார் விருதைப் பெற்றது. லற்விய நாட்டுப் படமொன்று ஒஸ்கார் பெற்றது அதுவே முதற்றடவை. முன்னதாக அது வென்ற கோல்டன் குளோப் விருதைத் தலைநகர் ரிகாவின் தேசிய கலைக்கூடத்தில் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள்.

இங்கிலாந்தின் நிக் பார்க்கும் இப்படித்தான். பதின்மூன்று வயதளவில் தாயாரின் படக்கருவியை எடுத்துக்கொண்டு வீட்டில் சிறு படங்கள் செய்யத் தொடங்கியவர் அவர். சிறுவனாக அவர் செய்த படமொன்றை பி.பி.சி. 1975 இல் ஒளிபரப்பியது. உலகப் புகழ்பெற்ற வொலஸ், குரோமிட் பாத்திரங்கள் தோன்றும் முதற்படமும் அவர் மாணவராக இருந்தபோது தொடங்கிய செயற்றிட்டமே. அது நிறைவடைந்து வெளிவந்தது 1989 இல்.

ஆனால் என் வாதத்தை ஒஸ்கார் விருதின் மீது கட்டியெழுப்ப நான் விரும்பவில்லை. அப்படிச் செய்வது பெற்றோருக்கு இன்னொரு பேராசையைக் கற்பிப்பதாக முடியும். படம் கீறும் ஆயிரம் பிள்ளைகளில் ஒருவர்கூட ஒஸ்கார் மேடையில் ஏறாமல் போகலாம். 'என் பிள்ளையும் விருது பெறட்டும்' என்று நாளைக்கே ஓர் அசைவூட்ட ரியூற்றறியில் சேர்த்துவிட்டால், மிச்சமிருந்த பொழுதுபோக்கும் போய், இன்னொரு பாடம் சேர்ந்துவிடும். அந்தப் பிள்ளைக்குக் கிடைத்த இலாபம் வேறு. எவரும் கட்டாயப்படுத்தாத ஒரு வேலையை ஆறு வாரங்கள் விடாமல் செய்ததும், பிழையைத் தானே கண்டு எண்பது படங்களைத் திரும்பக் கீறியதும் எந்தச் சோதனைக்கும் வேண்டிய பயிற்சிகள். சோதனைக்கு அப்பாலுள்ள வாழ்க்கைக்கு இன்னும் அதிகம் வேண்டியவை.

பத்திரிகையில் சேர்ந்த புதிதில், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், 'பேனா நண்பர்கள்' பகுதியைச் செப்பனிடும் வேலையை என்னிடம் தந்தார்கள். பெயர், வயது, முகவரி, பொழுதுபோக்கு என்று வாரந்தோறும் கட்டுக்கட்டாக அஞ்சலட்டைகள் வரும். முத்திரை சேகரித்தல், வானொலி கேட்டல், பத்திரிகை வாசித்தல். அனேகமாக எல்லா அட்டைகளிலும் இவை மூன்றும்தான். அலுப்பாக இருக்கும். எப்போதாவது ஒருவர், 'குருவிக்கூடு பார்த்தல்' என்றோ, 'பழைய மணிக்கூடு திருத்துதல்' என்றோ எழுதியிருப்பார். அந்த அட்டையை மட்டும் இரண்டு தடவை வாசிப்பேன். அந்த எழுத்துக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார் என்று தெரியும். இன்றும் நேர்முகத் தேர்வுகளில், 'உங்கள் பொழுதுபோக்கு என்ன?' என்று கேட்கிறார்கள். பதினொரு வருடங்கள் பிள்ளையிடமிருந்து பொழுதையெல்லாம் பறித்துவிட்டு, கடைசியில் பொழுதுபோக்கு என்னவென்று கேட்பது எவ்வளவு பெரிய முரண்!

பெற்றோரின் அச்சத்தை நான் ஏளனம் செய்யவில்லை. காணியும் வீடும் கடையும் ஒரே இரவில் இல்லாமற்போன அனுபவம் எமது சமூகத்துக்கு உண்டு. இடம்பெயர்ந்தபோது கையில் கொண்டுசெல்ல முடிந்தது கல்விச் சான்றிதழ் ஒன்றே. அந்தச் சான்றிதழை நம்பி வாழ்ந்த தலைமுறை, பிள்ளை பென்சிலோடு இருப்பதைக் கண்டு பதறுவது இயல்பு. எமக்குப் 'பட்டம்' என்றால் பல்கலைக்கழகம் தருவதுதான். வானத்தில் பறப்பது பிறகுதான்.

அந்தப் பதற்றம் எனக்கும் இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். 2005 இல் என் மகன் ஐந்தாம் தரத்தில் படித்தான். புலமைப்பரிசில் பரீட்சை ஆண்டு. அவன் கணிதக் கொப்பியின் ஓரங்களில் ஓடும் மனிதன் ஒருவனைத் தாளுக்குத் தாள் கீறி, விரலால் விசுக்கி ஓடவிட்டுச் சிரிப்பான். ஒருநாள் பணியிலிருந்து களைத்து வந்த நான் அதைக் கண்டு ஏசினேன். வர்ணப் பென்சில் பெட்டியை வாங்கி அலுமாரியின் மேற்றட்டில் வைத்துப் பூட்டினேன். பரீட்சை முடிந்ததும் தருவதாகச் சொன்னேன்.

பரீட்சை முடிந்தது. சித்தியும் அடைந்தான். அவன் பென்சிலைத் திருப்பிக் கேட்கவில்லை. நானும் மறந்துபோனேன். பல ஆண்டுகளின் பின் வீடு மாறும்போதுதான் அந்தப் பெட்டி கையில் அகப்பட்டது. மகன் இன்று வெளிநாட்டில் கணக்காளராக நல்ல நிலையில் இருக்கிறான். என்மீது அவனுக்கு எந்தக் குறையும் இல்லை. அந்த ஓடும் மனிதனை அவனுக்கு நினைவிருக்கிறதா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. கேட்கத் துணிவு வரவில்லை என்பதே உண்மை.

'சோதனை முடியும் வரைக்கும்' என்று நாம் சொல்வது ஒரு தற்காலிக ஏற்பாடு என்றே நினைக்கிறோம். ஆனால் புலமைப்பரிசிலுக்குப் பின் சாதாரண தரம், அதன் பின் உயர்தரம், பிறகு பல்கலைக்கழகம், பிறகு வேலை. பிள்ளையின் விருப்பம் பூட்டிவைத்தால் அப்படியே இருந்து, திறந்ததும் வெளியே வரும் பண்டம் அன்று.

பாடசாலைகளுக்கும் ஒரு வேண்டுகோள். செயற்றிட்டம் என்பது வீட்டுக்குப் போய், கடைக்குப் போய், பளபளப்பாகத் திரும்பி வருவதாக இருந்தால் அதனால் பயனில்லை. இன்று நாலு வரி எழுதிக் கொடுத்தால் செயற்கை நுண்ணறிவு மென்பொருளே அரை நிமிடப் படத்தை ஆக்கித் தந்துவிடுகிறது. ஆகவே முடிந்த பொருளுக்குப் புள்ளி இடும் காலம் போய்விட்டது. பிள்ளையை முன்னால் நிறுத்தி, 'இதை எப்படிச் செய்தாய்? எங்கே பிழைத்தது? எப்படித் திருத்தினாய்?' என்று மூன்று கேள்விகள் கேட்டால் போதும். கடையில் வாங்கியவர் முதலாவது கேள்வியிலேயே தடுமாறுவார். எண்பது படங்களைத் திரும்பக் கீறியவள் மணித்தியாலக் கணக்கில் பேசுவாள்.

மூன்றாம் நாள் அந்தத் தாயிடம் போனேன். "விடச் சொல்ல மாட்டேன் தங்கச்சி. நேரம் குறித்துச் செய்யச் சொல்கிறேன்" என்றேன். கிழமை நாட்களில் பாடம், ஞாயிறு பிற்பகல் முழுவதும் அவளுடையது, அந்த நேரத்தில் ரியூசனும் இல்லை, ஏச்சும் இல்லை என்பது எமது உடன்படிக்கை. தாய் முழுமனதோடு சம்மதித்தார் என்று சொல்ல மாட்டேன். புள்ளி குறைந்தால் என்னைத்தான் கேட்பேன் என்று சொல்லியே விட்டார். அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன்.

பிள்ளையிடம் விடயத்தைச் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணியிலிருந்து, மாமா?"

இரண்டு மணியிலிருந்து என்றேன். வாசகர்களில் யாருடைய வீட்டு அலுமாரியிலாவது ஒரு பென்சில் பெட்டி பூட்டிக் கிடக்குமானால், பிள்ளை மறந்துபோகும் முன்னர் அதை எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.