ஈட்டி பிடித்த கைகள்

செண்பகத்தோப்பு மாமரங்களில் கல்லெறிந்து காய் வீழ்த்தாத சிறுவரை நம் சுற்றுவட்டாரத்தில் காண்பது அரிது. குறிதப்பாத அந்தக் கையை நாம் குறும்பு என்கிறோம். திறன் என்று எண்ணுவதில்லை. தினைப்புனத்துக் கவணைப் பாடிய மொழிக்குரியோர் நாம் என்பதை நினைத்தால் வியப்பே மிஞ்சுகிறது.

உத்தரப்பிரதேசத்தின் ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் இருவரும் ஈட்டியெறிந்து பழகியவர்கள். பேஸ்பால் அவர்கள் அறியாத ஆட்டம். அமெரிக்கர் இங்கு நடத்திய பந்தெறியும் போட்டியொன்றில் தேறி, 2008இல் அமெரிக்கா சென்று பயின்றனர். அவ்வாண்டு நவம்பரிலேயே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது. 2009 ஜூலையில், தொடக்கநிலைத் தொடரொன்றில், ரிங்கு தம் முதல் வெற்றியைப் பெற்றார். தினேஷ் 2010இல் விடுவிக்கப்பட்டார். ரிங்குவோ காயங்களால் தளர்ந்து, உச்சத் தொடரை எட்டாமலே 2018இல் மல்யுத்தத்துக்கு மாறினார்.

இதனைத் தோல்வி என்பாரும் உளர். நாம் உடன்படோம். சிறுவயது முதலே அவ்வாட்டத்தில் ஊறியவர்களின் நடுவே, இருபதை நெருங்கும் வயதில் தொடங்கியவர்கள் நின்று எறிந்தார்கள் என்பதே பெரிது.

அப்போட்டியின் நோக்கம் வணிகமே; மறுப்பதற்கில்லை. ஆயினும் ‘இந்தக் கை வேறென்ன செய்யும்?’ என்று கேட்டவர்கள் கடல்கடந்து வந்தவர்கள்தாம். அக்கேள்வியைக் கேட்க வேண்டிய உடற்கல்வி ஆசிரியரின் பாடவேளையையோ, தேர்வு நெருங்கியதும் கணக்குக்குக் கொடுத்துவிடுகிறோம். மாங்காய் வீழ்த்தும் சிறுவனின் கையில் ஈட்டியையோ பந்தையோ யார் கொடுப்பது?