பழுது பார்க்கும் கல்வி

ஒரு பொருளை ஆக்குதல் ஒரு கலை. அது பழுதுற்றவிடத்துக் காரணங் கண்டறிதல் பிறிதொரு கலை. முன்னதற்கு நம் நாட்டில் மதிப்பு மிகுந்து வருகின்றது. பின்னதோ கடைத்தெருத் தொழிலென ஒதுக்கப்படுகின்றது. இவ்வொதுக்கம் தீமையே பயக்கும் என்பதை ஈண்டு எடுத்துக்காட்ட விழைகின்றேன்.

இராமாநுசர் பிறந்த ஸ்ரீபெரும்புதூர் இன்று ஆலைகளாலும் பெயர் பெற்றுத் திகழ்கின்றது. 2006-இல் நோக்கியா நிறுவனம் அங்கே கைப்பேசி ஆலை நிறுவிற்று. 2007-இல் டெல் நிறுவனம் கணினி ஆலை தொடங்கிற்று. அடுத்துள்ள ஒரகடத்திலே 2010-இல் ரெனோ-நிசான் கார் ஆலை எழுந்தது. இத்தகைய ஆலைகளின் வரிசையில் நிற்கும் இளைஞருள் ஒருவர் திருகாணி முடுக்குவார். ஒருவர் கம்பி பொருத்துவார். முழுப்பொருளும் எவ்வாறு இயங்குகின்றது என அறியும் வாய்ப்பு அவர்க்கு அரிது. 2014 நவம்பர் 1-ஆம் நாள் நோக்கியா ஆலை நின்றது, ஆயிரக்கணக்கானோர் பிழைப்பிழந்தனர். ஓர் அசைவையே பயின்ற கைக்கு வேறிடத்தில் வேலை கிடைத்தல் எளிதோ?

முழுமையறிவு தருவது பழுது பார்க்கும் தொழிலே. மேசைக் கணினியையே சான்றாகக் கொள்வோம். பழைய கணினியை விரைவுபடுத்த விரும்பிப் பிராசஸரை மாத்திரம் மாற்றுவர் பலர். மாற்றியபின் விசிறி சுழலும். திரையோ இருண்டு கிடக்கும். உடனே புதிய பிராசஸர் கெட்டதெனப் பழி கூறுவர். உண்மை வேறாதலும் உண்டு. 2017-இல் இன்டெல் வெளியிட்ட எட்டாந் தலைமுறை மேசைக் கணினிப் பிராசஸர், முந்தைய இரு தலைமுறைகளைப் போலவே 1151 தொடுமுனைகள் கொண்டது. ஆயினும் பழைய மதர்போர்டு அதனை ஏற்பதில்லை. 2018-இல் புதிய ரைசன் பிராசஸர் வாங்கியோர் சிலர், மதர்போர்டின் பயாஸ் பழையதாயிருந்தமையால் இடர்ப்பட்டனர். பயாஸைப் புதுப்பிக்கவோ இயங்கும் பிராசஸர் ஒன்று வேண்டும்! ஏஎம்டி நிறுவனமே ஒன்றைச் சிறிதுகாலம் இரவலாக அனுப்பி உதவிற்று. பழைய துருத்தியில் வார்த்த புதிய திராட்சரசத்தைப் பற்றி நம் ஆண்டவர் கூறிய உவமை ஈண்டு நினைவிற்கு வருகின்றது. இரசத்தின்மேற் குற்றமில்லை, துருத்தியின்மேலும் குற்றமில்லை, சேர்க்கையே பொருந்தாதது.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? மின்னிணைப்பை நீக்கிப் பழைய பிராசஸரை மீண்டும் அமர்த்துக. கணினி எழுமாயின் மதர்போர்டு நலமே எனக் கொள்ளலாம். அதனைச் செய்தோர் வெளியிட்ட பொருத்தப் பட்டியலை நோக்கி, பழையது அமர்ந்திருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துக்கொள்க. எழாவிடின் மாற்றுங்கால் நேர்ந்த பிழையைத் தேடுக: பிராசஸருக்குரிய தனி மின்கம்பி செருகப்பட்டதா? சாக்கெட்டின் மெல்லிய ஊசி வளைந்துளதா? ராம் தளர்ந்துளதா? சிறிது நேரம் ஓடி அணையுமாயின், வெப்பங் கடத்தும் பசையையும் விசிறியையும் ஆராய்க. ஒருமுறைக்கு ஒன்றனையே மாற்றுக. இரண்டினை ஒருங்கே மாற்றின் எது குணம் அளித்தது என அறிதல் இயலாது.

இது கைத்தொழில் மாத்திரமன்று, தருக்கமுமாம். ஏட்டுச் சுவடிகள் பலவற்றை ஒப்புநோக்கி உ. வே. சாமிநாதையர் நல்ல பாடங் கண்டதும் இத்தகைய பொறுமையினாலன்றோ?

புதியது வாங்குதலே எளிது என்பாரும் உளர். செல்வர்க்கு அஃது எளிதாகலாம். வீட்டிற்கு ஒரே கணினியுடைய மாணவனுக்கு அன்று. எறியப்படும் கணினியோ ஈயம் முதலிய நஞ்சுகளை மண்ணிற் சேர்க்கும்.

ஆதலின், ஆலைகள் நிறைந்த இச்சாலையை அடுத்துள்ள கல்லூரிகளும் தொழிற்பயிற்சி நிலையங்களும் தத்தம் கழிவுக் கணினிகளை ஓர் அறையில் வைத்து, எத்துறை மாணவரும் பிரித்துப் பயில இடந்தருதல் வேண்டும். வார ஓய்வுநாளில் அவ்வறை ஆலைத் தொழிலாளர்க்கும் திறந்திருத்தல் வேண்டும். மற்றோர் ஆலை மூடப்படும் நாள்வரை காத்திராது, கல்வி நிலையத்தார் இன்றே ஆவன செய்வாராக.